பொத்தானை விட்டுக் கேட்கச் செய்தவருக்கு

முத்துக்கரை மீன்பிடிப் படகுகள் கூட்டமைப்பின் கரை வானொலி நிலையத்தில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றி, இன்று மேற்பார்வையாளராக ஓய்வு பெறும் எங்கள் பகவதி அக்கா அவர்களுக்கு, நிலையத்தார் அனைவரும் அன்போடும் பெருமிதத்தோடும் வாசித்து அளிக்கும் மடல்.

கரையில் அமர்ந்து கடலைக் கேட்டவரே, காற்றின் போக்கைக் கனிந்த குரலில் சொன்னவரே, கோபத்தோடு கூப்பிட்டவருக்கும் குறையாத பொறுமையோடு பதில் தந்தவரே, வணக்கம்.

உங்கள் பெருமையைச் சொல்ல ஒரு சிறு புதிரிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆடி மாதத்தில் உங்களையே திணற வைத்த புதிர் அது. வானொலியில் ஒருவர் பேசிக்கொண்டே இருக்கிறார். அவரிடம் "போதும்" என்று சொல்ல வேண்டும். சொல்ல வழியில்லை.

கடலுக்குப் போகாத விருந்தினருக்காக, இந்தக் கருவி வேலை செய்யும் விதத்தை நீங்கள் எங்களுக்கு விளக்கியபடியே சொல்கிறோம். படகிலுள்ள வானொலிச் செட்டில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். அழுத்தியிருக்கும் வரை அந்தச் செட்டுக்குக் காது இல்லை. இரண்டு பேர் ஒரே சேனலில் ஒரே நேரத்தில் பேசினால், சந்தை இரைச்சல்போல இரண்டும் கலந்து கேட்காது. வலுத்த அலை மற்றதை மூடிவிடும். பெரும்பாலும் அது பக்கத்தில் இருப்பவருடையதாக இருக்கும். தூரத்தில் இன்னொருவர் கூப்பிட்டார் என்பதே நமக்குத் தெரியாது. பதினாறாம் சேனலோ கடல் முழுவதற்கும் பொது. ஆபத்தில் இருப்பவர் கூப்பிடுவதும் அதில்தான்.

அந்தச் சேனலில்தான் அந்த ஆடி மாதம், மதிய வானிலை அறிக்கையை நீங்கள் வாசித்து முடித்ததும், பெயர் சொல்லாத ஒரு குரல் தினமும் வந்து உட்கார்ந்துகொண்டது.

"காத்து கம்மின்னு வாசிக்கிய. இங்கன சோத்துப்பானை உருண்டு ஓடுது. நீங்க கரையில ஃபேனப் போட்டுப் பாத்துட்டுச் சொல்லுதியளா?"

அவர் மூச்சு வாங்கிய ஒரு சமயம் நீங்கள் கேட்டீர்கள்: "யாருப்பா அது? படகுப் பேரச் சொல்லிட்டுப் பேசு."

"பேரச் சொன்னா செட்டப் பிடுங்கிருவிய. அதுக்கு வேற ஆளப் பாருங்க."

மீண்டும் பொத்தான் அழுந்தியது. பிறகு நாம் சொன்ன எதுவும் அவர் காதில் விழவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, அவர் இருமுவதற்காகக் கையை எடுத்த இடைவெளியில் மெலிந்த குரல் ஒன்று நுழைந்தது. "வேம்பார் வள்ளம், மந்திரமூர்த்தி பேசுதேன். தண்ணி ஏறுது. எவ்வளவு நேரமாக் கூப்பிடுதேன், யாரும் கேக்கலியா?" நாம் பதில் சொல்லும் முன்பே, அத்தனை நாளாகக் கத்திய குரல் கம்மிப்போய்ச் சொன்னது: "எம் போட்டு பேரு சங்குமாலை. டிரைவர் கிருபாநிதி. நான் பக்கத்துலதான் நிக்கேன், போறேன்."

அந்தச் சிறு வள்ளத்தையும் அதிலிருந்த நால்வரையும் அவரே கயிறு கட்டி இழுத்து வந்தார். பெயரைச் சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்தே அவர் அதைச் சொன்னார் என்பதை நீங்கள் பலமுறை எங்களுக்கு நினைவூட்டியிருக்கிறீர்கள்.

அவர் பயந்தபடியே மறுநாள் கூட்டமைப்பு கூடியது. செயலாளர் மகாராஜன் அண்ணாச்சி இதோ முன்வரிசையில் இருக்கிறார். அன்று அவர் பேசியதை அப்படியே எழுதச் சொன்னவரும் அவர்தான்.

"ஏளா பகவதி, கடல்ல பேசுததுக்கு ஒரு வரைமுறை வேண்டாமா? ஒருத்தன் வாயால நாலு உயிரு போகப் பாத்துச்சு. செட்டக் கழட்டிர வேண்டியதுதான்."

"வரைமுறை வேணும் அண்ணாச்சி. அவன் அடுத்தவனுக்கு வழி விடல, அது தப்பு. நம்மளக் குறை சொன்னது தப்பில்ல. செட்டக் கழட்டுனா நாளைக்கு அவன் போட்டுல தண்ணி ஏறும்போது அவன் யாரக் கூப்பிடுவான்?"

"அப்ப அவன் கத்திக்கிட்டே கெடக்கட்டுங்கியா?"

"இந்த ஆடி முடியுத வரைக்கும் டயம் தாங்க. சேனல் ஒழுங்குக்கு வரலன்னா நானே போய் செட்டக் கழட்டுதேன். அப்புறம் இந்த வேலையும் எனக்கு வேண்டாம்."

வேலையைப் பணயம் வைத்த பிறகும் விடை உடனே கிடைக்கவில்லை. குறை சொல்ல எழுபத்திரண்டாம் சேனலுக்குப் போங்கள் என்று முதலில் அறிவித்தீர்கள். ஒருவரும் போகவில்லை. விசாரித்தால், "அங்கன கேக்க ஆளு இல்லியே" என்றார்கள். உண்மைதான். ஆளில்லாத இடத்தில் பேசச் சொல்வது பேசவிடாததற்குச் சமம் என்று எங்களிடம் சொல்லிவிட்டு, இரண்டாவது செட்டை வரவழைத்து எழுபத்திரண்டில் வைத்தீர்கள். பதினாறை எங்களிடம் விட்டுவிட்டு, மதிய அறிக்கைக்குப் பின் எழுபத்திரண்டின் முன் நீங்களே அமர்ந்தீர்கள். கூட்டம் வந்தது. ஆனால் வந்தவர்கள் ஒருவரை ஒருவர் மூடினார்கள். ஆளுக்கு இத்தனை நிமிடம் என்று பிரித்தீர்கள். பேச்சு வேகத்தில் யார் கடிகாரம் பார்ப்பார்கள்? கடைசியில் எல்லோரிடமும் எப்போதும் இருக்கும் ஓர் அளவை எடுத்தீர்கள். அது மூச்சு. மூச்சு வாங்கும்போது எப்படியும் பேச முடியாது. அந்த நேரம் பொத்தான் எதற்கு அழுந்தியிருக்க வேண்டும்? ஒரு மூச்சுப் பேசியதும் பொத்தானை விட்டுக் கேளுங்கள் என்றீர்கள்.

இரண்டு எல்லைகளை மட்டும் கறாராக வைத்தீர்கள். ஆபத்து இல்லாமல் ஆபத்து என்று கூப்பிடக் கூடாது என்பது ஒன்று. மற்றதை நீங்கள் சொன்ன சொற்களிலேயே எங்கள் பக்கத்துப் படகுக்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்: "அடுத்தவன் போட்டப் பத்தி என்னமும் பேசு. அவன் வீட்டப் பத்திப் பேசாத."

பிறகுதான் கிருபாநிதியின் குறை ஒழுங்காகக் காதில் விழுந்தது. இடைவெளி கிடைத்ததும் மற்றவர்களும் சேர்ந்தார்கள். "வாடைக் காத்துக்கு நீங்க சொல்லுதது சரியாத்தான் இருக்கு. கச்சான் அடிச்சா மட்டும் தப்பாகுது" என்றார் ஒருவர். வாடை வடகிழக்கிலிருந்து வரும், கச்சான் மேற்கிலிருந்து வரும். காற்றை அளக்கும் கருவி இருந்த நிலைய மாடிக்கு நீங்கள் ஏறினீர்கள். நம் காற்றுமானிக்கு மேற்கே, அண்ணாச்சியின் ஐஸ் பிளாண்டில் புதிதாக எழும்பிய மாடிச்சுவர் நின்றது. கச்சானை அது தடுத்துக்கொண்டிருந்தது. நம் கருவி சுவரின் நிழலில் நின்றுகொண்டு, கடலில் காற்றில்லை என்று நம்மிடம் சொல்லியிருக்கிறது. நாமும் அதை நம்பி வாசித்திருக்கிறோம். அன்று அந்தச் செட்டைக் கழற்றியிருந்தால் அந்தத் தவறையே இன்றும் வாசித்துக்கொண்டிருப்போம்.

அண்ணாச்சி சுவரைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார். "எஞ் செவருதான்" என்றார். படகுத்துறை முனையில் உயர்ந்த கம்பம் ஒன்றை அவரே நட்டுத் தந்தார். காற்றுமானி இன்று அதன் உச்சியில் சுழல்கிறது.

அக்கா, தாய்போல் அதட்டினீர்கள், தோழிபோல் கேலி செய்தீர்கள். எங்கள் கேள்விகளில் ஒன்றையும் அற்பம் என்று தள்ளியதில்லை. புயல் நாட்களில் வீட்டுக்குப் போகாமல் இருந்தீர்கள், எங்களைப் போகச் சொன்னீர்கள். எல்லாவற்றிலும் எங்களுக்குப் பெருமை தருவது, உங்களைத் திட்டியவரின் செட்டை நீங்கள் காத்ததுதான். அந்தக் கிருபாநிதி இன்று கடலுக்குப் போகாமல் கடைசி வரிசையில் இருக்கிறார். அவருக்கும் சேர்த்தே இதை வாசிக்கிறோம். நோயும் நொடியும் அண்டாமல், விரும்பிய நேரம் உறங்கி விரும்பிய நேரம் எழுந்து, பேரன் பேத்தியரின் ஓயாத பேச்சைக் கேட்டு மகிழ்ந்து நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும்.

நாளை மதிய அறிக்கைக்குப் பின் எழுபத்திரண்டின் முன் நம் அனுசியா அமர்வார். நீங்கள் கண்டுபிடித்த ஒழுங்கு அப்படியே தொடரும். பதினாறில் கூப்பிடுவது மட்டும். பேசுவது எழுபத்திரண்டில். படகின் பெயரைச் சொல்லிப் பேச வேண்டும். சொன்னதற்காக யாருடைய செட்டும் கழற்றப்படாது. ஒரு மூச்சுப் பேசியதும் பொத்தானை விட்டுக் கேட்க வேண்டும். கரையில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

என்றும் உங்கள் அன்பில்,
கரை வானொலி நிலையப் பணியாளர்கள்
தூத்துக்குடி