பசியில் ஒரு சிறு திருத்தம்

அடுத்தவர் தட்டை எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்கு என்றைக்கும் கிடையாது, ஐயா. விசாரணை என்று கூப்பிட்டிருக்கிறீர்கள், அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

உணவுத் துறையில் என் வேலை இதுதான். ஒவ்வோர் ஆண்டும் நாட்டில் எவ்வளவு தானியம் விளையும், மக்கள் எவ்வளவு சாப்பிடுவார்கள் என்று முன்கூட்டியே கணிக்க வேண்டும். பற்றாக்குறை என்று நான் எழுதினால் வெளிநாட்டிலிருந்து கப்பலில் தானியம் வரும். எழுதாவிட்டால் வராது. போன ஆண்டு மழை கைவிரித்துவிட்டது. கணக்கில் பெரிய துண்டு விழுந்தது.

இயக்குநர் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "இதை மேல கொண்டுபோனா என் தோலை உரிச்சிருவாங்க. விளைச்சலைக் கொஞ்சம் ஏத்திப் போடுய்யா" என்றார்.

எனக்குப் பொய் என்றாலே ஆகாது. விளையாததை விளைந்தது என்று எப்படி எழுதுவது? மறுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, ஓர் ஆள் எவ்வளவு சாப்பிடுவார் என்ற எண்ணை லேசாகக் குறைத்தேன். அது பொய் இல்லை, அனுமானம்.

முதலில் வயதானவர்கள். எங்களோடு இருந்த என் மாமியார் கோழி கொத்துகிற மாதிரிதான் சாப்பிடுவார். ஆதாரம் கண்ணெதிரே இருந்தது. மனைவி மட்டும், "நீங்க முறைக்கிறதுக்குப் பயந்து அம்மா பாதியிலயே எழுந்துடறாங்க. எங்க அண்ணன் வீட்ல எப்படிச் சாப்பிடறாங்கன்னு போய்ப் பாருங்க" என்றாள். அவளுக்குப் புள்ளியியல் தெரியாது. அடுத்து குழந்தைகள். பாதியைச் சிந்திவிடுகிறார்கள், சிந்தியது உணவுக் கணக்கில் சேராது. நோயாளிகளுக்கு வாய் கசக்கும். கூலி வேலைக்காரர்கள்தான் பிடிகொடுக்காமல் இருந்தார்கள். வேலை இல்லாவிட்டால் பசியும் குறையும் என்று வைத்து அவர்களையும் வழிக்குக் கொண்டுவந்தேன்.

கடைசியில் கொஞ்சம் மிச்சமே வந்துவிட்டது. இயக்குநர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்த மிச்சத்தை ஏற்றுமதி செய்தார்கள்.

பிறகு கடைகள் காலியானதும், வரிசையில் நின்றவர்கள் சுருண்டு விழுந்ததும் உங்களுக்கே தெரியும். எனக்கும் வருத்தம்தான். மாமியார் இறந்த பிறகு மனைவி தன் அண்ணன் வீட்டோடு இருந்துவிட்டாள். ஆனால் ஆண்டு முடிவில், மக்கள் உண்மையில் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று துறை கணக்கெடுத்தது. தலைக்கு நான் எழுதிய அதே அளவு. இம்மி பிசகவில்லை. இந்தக் கொடுப்பினை எந்தக் கணிப்பாளனுக்கு வாய்க்கும்?

எண்ணைக் குறைத்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். இந்த ஆண்டுக் கணக்கில் நான் கையே வைக்கவில்லை, ஐயா. அதற்கு அவசியம் வரவில்லை. சாப்பிடுகிறவர்களே குறைந்துவிட்டார்கள்.