டோர்க்கெல் தாத்தாவின் பக்கத்துக்கு ஒரு திருத்தம்

திருமதி ஹெல்மா அவர்களுக்கு,

கடிதத்தோடு அனுப்பிய கேக் நன்றாக இருந்தது. ஏலக்காய் மட்டும் கொஞ்சம் தூக்கல்.

ஊரின் எழுபத்தைந்தாம் ஆண்டு மலரில் குடும்பத்துக்கு ஒரு பக்கம் என்றும், எங்கள் பக்கத்துக்கு என் தாத்தா டோர்க்கெலைப் பற்றி நீங்களே எழுதிவிட்டதாகவும், பிழையிருந்தால் திருத்தும்படியும் கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது.

பனியில் விறைத்த இரண்டு கால்விரல்களைக் குளம்பு சீவும் கத்தியால் தானே வெட்டிக்கொண்டார் என்பது உண்மைதான். அந்தப் பனிப்புயலில் பதினாறு மைல் எதற்கு நடந்தார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. வீட்டில் சாராயம் தீர்ந்துவிட்டது. டகோட்டா புல்வெளியைத் தனியாளாக உழுதார் என்கிறீர்கள். குதிரையைச் சீட்டாட்டத்தில் விட்டுவிட்டதால் ஏரை இழுத்தது அவருடைய முதல் மனைவி. நிறையக் குடித்து, நாலு பேரை அடித்து, சாகாமலும் இருந்துவிட்டால் போதும், இந்த ஊர் ஒருவனைப் பெரிய மனிதனாக்கிவிடும்.

1931இல், மழை பொய்த்த வருடம், எனக்கு இருபத்தெட்டு வயது. பதினான்கு வருடமாக அந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டவன் நான். சித்தப்பா மகன் ஈவர் எங்களோடு வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. மல்யுத்தம் செய்வான், தாத்தாவுக்குச் சமமாகக் குடிப்பான், எதற்கெடுத்தாலும் சிரிப்பான். வேறு தகுதி எதையும் நான் பார்க்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் தாத்தா சொன்னார்: "திங்கக்கிழமை ஆபீசுக்குப் போறோம்டா ஈவர். நிலம் மொத்தமும் உன் பேருக்கு."

"அண்ணன் இருக்காரே தாத்தா?"

"அவனா? அவனை அறுத்தா ரத்தமா வரும்? மோருதான் வரும். ரெண்டு உருளைக்கிழங்கு வேகவெச்சுப் போடு, மூலையில கிடப்பான்."

ஈவர் சிரித்தான். நான் உப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அப்போது நாங்கள் புதுக்கிணறு தோண்டிக்கொண்டிருந்தோம். நாற்பது அடி ஆகியிருந்தது. தினமும் காலையில் ஆள் இறங்குவதற்கு முன் ஒரு லாந்தரை ஏற்றி அடிவரைக்கும் இறக்கிப் பார்ப்போம். அணைந்தால் உள்ளே கெட்ட காற்று. அன்றைக்கு யாரும் இறங்கக்கூடாது. எந்தக் கட்டுப்பாட்டையும் மதிக்காத தாத்தாகூட இதை மதித்தார். லாந்தர் இறக்குவது என் வேலை.

சனிக்கிழமை காலை முப்பதாவது அடியில் சுடர் சுருங்கி அணைந்தது. நான் மேலே இழுத்தேன். தாத்தாவும் ஈவரும் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார்கள், பார்க்கவில்லை. தீக்குச்சி கிழித்து மறுபடி ஏற்றி, கிணற்று விளிம்பில் வைத்தேன்.

"எரியுதாடா மோரு?" என்றார் தாத்தா.

"எரியுது" என்றேன்.

அன்று இறங்கும் முறை அவருடையது. என் யோசனையில் அவர் மட்டும்தான் இருந்தார் என்பதை நீங்கள் நம்ப வேண்டும். ஆனால் ஈவர் குறுக்கே வந்தான். "ராத்திரி குடிச்சது இன்னும் உங்க கண்ணுல நிக்குது. நகருங்க தாத்தா, நான் போறேன்" என்று வாளிக்குள் காலை வைத்துவிட்டான். சொல்வதற்கு எனக்கு நேரம் இருந்தது. தாத்தா போனால் நிலத்தில் ஈவருக்குப் பாதி; ஈவர் போனால் முழுவதும் எனக்கு. இதிலும் குறையில்லை என்று தோன்றியது. வாளிக் கயிறு சுற்றிய உருளையின் கைப்பிடியைச் சுற்றி அவனைக் கீழே இறக்கினேன்.

மண்வெட்டிச் சத்தம் வரவில்லை. தாத்தா மூன்று முறை கூப்பிட்டார். பிறகு லாந்தரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அணைஞ்சுதா?"

அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடிக்கவில்லை. கழுத்துத் துணியைக் குதிரைத் தொட்டியில் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டார்.

"கயித்துல அவனைக் கட்டிட்டு ரெண்டு தடவை இழுப்பேன். உடனே சுத்து. எனக்காக நிக்காத. அவனை மேல எடுத்துடு சிக்வால்."

மோரு என்று அல்ல, சிக்வால் என்று. காரியம் ஆக வேண்டுமென்றால் இப்படிப்பட்டவர்களுக்கு நம் பெயர் ஞாபகம் வந்துவிடுகிறது. எழுபத்துநான்கு வயதில், எட்டுக் கால்விரல்களோடு, கிணற்றுச் சுவர் சரியாமலிருக்க அடித்திருந்த பக்கச் சட்டங்களைப் பிடித்து இறங்கினார்.

கயிறு இரண்டு முறை இழுபட்டது. நல்ல பலமான இழுப்பு. என் கை கைப்பிடியில்தான் இருந்தது. சற்றுப் பொறுத்து இன்னும் இரண்டு. அதன் பிறகு ஒன்று, லேசாக. கயிறு முழுவதும் அசைவற்றுப் போகும்வரை இருந்துவிட்டு, பக்கத்துப் பண்ணைக்கு ஓடினேன். மூச்சிரைக்கத்தான் போய்ச் சேர்ந்தேன்.

'பேரனைக் காக்கத் தன்னுயிர் தந்த வீரர்' என்று முடித்திருக்கிறீர்கள். முப்பத்துமூன்று வருடமாகக் கேட்டுச் சலித்துவிட்டது. அவர் யாரையும் காக்கவில்லை. முடிச்சுப் போட்டு இழுத்தார், அவ்வளவுதான். தூக்க வேண்டியவன் நான், தூக்கவில்லை. இரண்டு பேரையும் கொன்றது நான் என்று எழுதிக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபமில்லை. அந்தக் குடிகாரருக்கு வீரர் பட்டம் மட்டும் வேண்டாம். கண்ணெதிரே ஒரு தப்பு நடந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஆள் நான் இல்லை.