ஒன்பது கிலோவும் ஒரு கோப்பையும்

பல்லைப் பிடுங்கும்போதுகூடச் சிரிக்க வைக்கத் தெரிந்த பல் மருத்துவரும், எவர் முகத்துக்காகவும் விதியை மட்டும் பிடுங்கி எறியாத பண்பாளருமாகிய நம் கார் பந்தயச் சங்கத்தின் தலைவர் அவர்களே. ஞாயிறுதோறும் வெயிலில் நின்று, நாங்கள் இடித்துத் தள்ளும் கோன்களைக் குனிந்து குனிந்து நிமிர்த்தி வைக்கும் பெரியோர்களே. கணவனும் மகனும் கழற்றிப் போட்ட இரும்புக்கு நடுவே கால் வைக்க இடமில்லாமல் குடித்தனம் நடத்தும் தாய்மார்களே. எடைமேடையில் எல்லோருக்கும் ஒரே முகம் காட்டும் தராசு அக்கா அவர்களே. முந்நூறு குதிரைகளை ஒரே இன்ஜினில் கட்டி மேய்க்கும் டர்போ அண்ணன் அவர்களே. மூன்றாவது வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு அமர்ந்து, நான் சொல்லப்போகும் எண்களைச் சரிபார்க்கக் காத்திருக்கும் என் மனைவி அவர்களே. அனைவருக்கும் என் அன்பு நிறைந்த வணக்கம்.

மனைவியை ‘அவர்களே’ என்றதும் பின்வரிசையில் சிரிக்கிறார்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டிலும் அதே கதைதான். நான் மைக்கில் சொல்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

நண்பர்களே, இன்று மாலை நம் முன் ஒரு தீர்மானம் இருக்கிறது. டர்போ அண்ணன் கொண்டுவந்த தீர்மானம். அதில் இரண்டே வரி. இனி நம் பந்தயத்தில் வண்டியின் எடையைப் பார்ப்பதில்லை, எடைக்கும் இன்ஜின் சக்திக்கும் கணக்குப் போடுவதில்லை, வேகமான வண்டி வெல்லட்டும் என்பது முதல் வரி. போன ஆண்டு இறுதிப் போட்டியில் எடை குறைந்தது என்று பறிக்கப்பட்ட கோப்பையைப் பறிகொடுத்தவனுக்கே திருப்பித் தருவது என்பது இரண்டாவது வரி.

பறிகொடுத்தவன் நான்தான்.

ஆகவே இந்தத் தீர்மானத்தை வாழ்த்தி வரவேற்பேன் என்று நம்பித்தான் என்னை முதல் பேச்சாளனாக ஏற்றியிருக்கிறார்கள். என்னை மன்னிக்க வேண்டும். நான் இதை எதிர்த்துப் பேச வந்திருக்கிறேன். டர்போ அண்ணே, மேசையில் தண்ணீர் இருக்கிறது, ஒரு வாய் குடியுங்கள். நான் முடிக்க நேரமாகும்.

முதல் முறையாக வந்திருக்கும் தாய்மார்களுக்காக ஒரு விளக்கம். ஆட்டோகிராஸ் என்பது வண்டிகள் ஒன்றையொன்று முட்டி மோதும் பந்தயமல்ல. ஒரு வெட்டவெளி. அதில் வளைந்தும் நெளிந்தும் கூம்பு வடிவ பிளாஸ்டிக் கோன்கள். ஒரு நேரத்தில் ஒரே வண்டி. எதிரே எதிரியில்லை, கையில் கடிகாரம் வைத்திருப்பவர் மட்டும்தான். ஒரு கோனை இடித்தால் இரண்டு வினாடி தண்டனை. திங்கட்கிழமை வேலைக்கும் சந்தைக்கும் போகிற அதே வண்டிதான் ஞாயிற்றுக்கிழமை அங்கே ஓடுகிறது. எங்கள் பிரிவில் ஒரு விதி உண்டு. இன்ஜினின் ஒவ்வொரு குதிரைத்திறனுக்கும், ஓட்டுநரையும் சேர்த்து, பத்து கிலோவாவது எடை இருக்க வேண்டும். என் வண்டிக்குத் தொண்ணூற்றிரண்டு குதிரை. அப்படியானால் தொள்ளாயிரத்து இருபது கிலோவுக்கு ஒரு கிராம்கூடக் குறையக்கூடாது. குறைந்தால் வென்றாலும் தோல்வி.

நான் லிஃப்ட் மெக்கானிக். உங்களில் பாதிப் பேரை மாடியேற்றியவன். மீதிப் பேரை நடுவில் நிறுத்தியவன் என்று அங்கே ஒருவர் சொல்கிறார். அது கரன்ட் போனதய்யா, என் பிழையல்ல. என் மனைவி தபால் அலுவலகத்தில் பார்சல் எடை போடுபவள். பத்து கிராம் பிசகினாலும் பார்சலை வாங்க மாட்டாள். அப்படிப்பட்டவள் கழுத்தை நீட்டியது என்னைப் போன்ற ‘போனால் போகட்டும்’ பேர்வழிக்கு.

முதல் ஆண்டு என்ன செய்தேன்? சக்தி, சக்தி என்று அலைந்தேன். விபத்தில் சிக்கிய பெரிய வண்டி ஒன்றின் இன்ஜினைக் கழற்றி வந்து, என் சின்ன வண்டியின் மூக்கில் திணித்தேன். நூற்றைம்பது குதிரை. எங்கள் பிரிவின் எடைக் கணக்கு இடிக்கும் என்பதால் பெரிய வண்டிப் பிரிவில் பெயர் கொடுத்தேன். மனைவி மட்டும் கேட்டாள்.

“இன்ஜினு எவ்வளவு வெயிட்டு?”

“பழசைவிட அறுபது கிலோ கூட. அதனால என்ன, குதிரை எவ்வளவு பாரு.”

“குதிரை இழுக்கும், சரி. திருப்புறது யாரு?”

கேட்டேனா? கேட்கவில்லை. நேர்கோட்டில் வண்டி பாய்ந்தது, பறந்தது, பார்த்தவர் வாய் பிளந்தார்கள். வளைவு வந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். கனத்த மூக்கு திரும்ப மறுத்தது. நான் ஒரு பக்கம் திரும்பச் சொல்ல, அது தன் போக்கில் நேரே போனது. ஒரே ஓட்டத்தில் பதினொரு கோன். இருபத்திரண்டு வினாடி தண்டனை. அன்றிலிருந்து எனக்கு இந்தச் சங்கம் சூட்டிய பட்டம் ‘கோனிடிச்சான்’. இன்றைக்கும் அழைப்பிதழில் அந்தப் பெயர்தான் அச்சாகியிருக்கிறது. தலைவர் அவர்களுக்கு அதற்கும் நன்றி.

இரண்டாம் ஆண்டு இன்ஜினை விற்றுத் தொலைத்தேன். பழைய இன்ஜினுக்கே திரும்பினோம். சக்தியைக் கூட்ட முடியாவிட்டால் என்ன, சுமையைக் குறைப்போம் என்றாள் மனைவி. பின் சீட்டு போனது. கம்பளம் போனது. மாற்றுச் சக்கரம் போனது. பக்கத்து சீட்டும் போனது. ஒவ்வொன்றையும் தராசில் வைத்து, எடையை நோட்டில் எழுதிய பிறகுதான் வெளியே எடுப்பாள். ஒருநாள் என் மாமியார் ஊருக்குப் போகக் கிளம்பி வந்து கதவைத் திறந்தார்.

“மாப்பிள்ளை, நான் எதுல உட்காருறது?”

“கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க அத்தை.”

“எதை அட்ஜஸ்ட் பண்றது? உள்ள ஒண்ணுமே இல்லையே. நான் பஸ்ஸுல போறேன், நீங்க நல்லா இருங்க.”

அன்றைக்குப் போன மாமியார் எட்டு மாதம் வரவில்லை. பந்தயத்தால் வேறு சில நன்மைகளும் உண்டு என்பதை இளைஞர்கள் குறித்துக்கொள்ளலாம். மூன்றாவது வரிசையில் பேனா நின்றுவிட்டது. நான் விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஆண்டு. என் மனைவி ஐந்து மாதம் கணக்குப் போட்டாள். ஓட்டம் முடிந்து, பெட்ரோல் எரிந்த பிறகு வண்டி மட்டும் எண்ணூற்று இருபத்தைந்து கிலோ. ஹெல்மெட்டும் காலணியுமாக நான் நூறு கிலோ. ஆக மொத்தம் தொள்ளாயிரத்து இருபத்தைந்து. விதிக்கு மேல் ஐந்தே கிலோ. இதற்கு மேல் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றக் கூடாது என்று நோட்டில் சிவப்பு மையால் கோடு போட்டு மூடினாள்.

அந்தக் கோட்டை அழித்தவன் யார்? நான்.

எனக்குள் ஓர் ஆசை. வண்டியில் எல்லாம் மெலிந்துவிட்டது, மெலியாதது என் தொப்பை ஒன்றுதானே. அதையும் குறைத்து, வெற்றி பெற்ற அன்று அவளிடம் சொல்லி அசத்த வேண்டும். விதிக் கணக்கில் என் எடையும் உண்டு என்பது மண்டையில் ஏறவில்லை. இரண்டு மாதம் சோற்றைப் பாதியாக்கினேன். வேலைக்குப் போகும் கட்டடங்களில் எல்லாம் படியேறினேன். அதைப் பார்த்து ஒரு குடியிருப்பே கலங்கிவிட்டது. “லிஃப்ட் மெக்கானிக்கே படியில ஏறுறாரு, அப்ப நாம எப்படி லிஃப்டுல போறது?” என்று செயலாளர் வீடு தேடி வந்தார். கட்டிய மனைவிக்குத் தெரியாமலா ஒன்பது கிலோ குறையும் என்று அம்மா ஒருவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. கேட்டாள், பேன்ட் ஏன் தொளதொள என்றிருக்கிறது என்று. துவைத்துத் துவைத்துத் துணி தளர்ந்துவிட்டது என்றேன். நம்பினாள். நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் என்பதால் நம்பினாள்.

இறுதிப் போட்டி. நாற்பத்தெட்டு புள்ளி ஆறு வினாடி. ஒரு கோன் அசையவில்லை. ‘கோனிடிச்சான் ஜெயித்துவிட்டான்’ என்று நீங்கள் என்னைத் தோளில் தூக்க வந்தீர்கள். ஆனால் நம் வழக்கம் என்ன? முதல் மூன்று வண்டிகளும் ஓட்டுநர் இறங்காமல், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல், அப்படியே எடைமேடைக்குப் போக வேண்டும். போனேன். எண்கள் ஓடின, நின்றன. தராசு அக்கா ஒரு முறை பார்த்தார். என்னை இறக்காமலே வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லி, மறுபடி ஏற்றிப் பார்த்தார்.

“தொள்ளாயிரத்துப் பதினாறு. நாலு கிலோ கம்மி, தம்பி. நான் என்ன பண்ணட்டும்?”

அவர் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் தொள்ளாயிரத்துப் பதினாறு என்றே எழுதினார்.

என் மனைவி ஓடி வந்தாள். நோட்டைப் புரட்டினாள். எண்கள் சரி, கூட்டல் சரி. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முதல் முறையாக ஒரு பார்சலைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

“எத்தனை கிலோ குறைஞ்சீங்க?”

“ஒன்பது. உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு...”

“ஆச்சரியமாத்தான் இருக்கு. இத்தனை பேர் முன்னாடி.”

வண்டியில் அவளுக்குச் சீட்டில்லை, பஸ்ஸில் வந்தாள். வீட்டு வாசலுக்கு வந்ததும் சொன்னாள். “நீங்க இளைச்சதுல எனக்குக் கோபமில்ல. எங்கிட்ட சொல்லாம இளைச்சீங்களே, அதுதான்.” அன்று இரவு எனக்குக் கோப்பை போனது வலிக்கவில்லை. அவளுடைய ஐந்து மாத உழைப்பை நான் அன்பு என்ற பெயரில் வீணடித்தேனே, அதுதான் வலித்தது. இன்றும் வலிக்கிறது.

இப்போது டர்போ அண்ணன் கேட்கிறார். ஒரு மனிதன் தொப்பையைக் குறைத்ததற்குக் கோப்பையைப் பறிக்கிற விதி ஒரு விதியா? இது கேலிக்கூத்து இல்லையா? எனக்காக அவர் வருந்துகிறார், அந்த அன்புக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் அண்ணே, நான் கேட்கிறேன். எடை பார்ப்பதை நிறுத்தினால் நாளை என்ன நடக்கும்? இந்தச் சங்கத்தில் நாற்பத்திரண்டு வண்டிகள். முப்பத்தைந்து சின்ன வண்டிகள். எடைக்கும் சக்திக்கும் கணக்கில்லை என்றால், தையற்கடைக்காரர் தன் வண்டியோடு வருவாரா? பள்ளி ஆசிரியை வருவாரா? நான் வருவேனா? உங்கள் முந்நூறு குதிரைக்கு எதிரே எங்கள் தொண்ணூறு குதிரை ஓடுவதற்குப் பெயர் பந்தயமா, வேடிக்கையா? கடைசியில் ஏழு பேர் ஓட்டுவீர்கள், நாங்கள் முப்பத்தைந்து பேர் கோன் பொறுக்குவோம். கைதட்டலைச் சற்றுச் சேமித்து வையுங்கள் நண்பர்களே, வாக்கெடுப்பில் அதே கை வேண்டும்.

என் தொழிலில் இருந்து ஒன்று சொல்கிறேன். எட்டுப் பேரைப் பத்து மாடி தூக்குகிற லிஃப்டின் மோட்டார் எவ்வளவு பெரிது தெரியுமா? நீங்கள் நினைப்பதைவிடச் சின்னது. காரணம், கயிற்றின் மறுமுனையில் எதிர் எடை தொங்குகிறது. நீங்கள் ஏறும்போது அது இறங்குகிறது. இருபது வருடமாக எதிர் எடைக்கு எண்ணெய் போட்டவன் நான். அப்படியும் என் வண்டியில் எடை என்றாலே பாரம் என்று நினைத்தேன். என்னைப் போல ஒரு மடையன் உண்டா? அங்கே யாரும் பதில் சொல்ல வேண்டாம்.

கோப்பை போன மறுவாரம், கழித்துப் போட்ட ஒரு லிஃப்டின் எதிர் எடையிலிருந்து, கட்டடக்காரரிடம் கேட்டு வாங்கி, ஒன்பது கிலோ இரும்பை அறுத்துக்கொண்டு வந்தேன். தலைகுனிந்து அவள் முன் வைத்தேன். அவள் அதைத் தராசில் வைத்துப் பார்த்தாள். என்னையும் ஏற்றிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“இதை எங்க வைக்கிறது?”

“எங்க வெச்சா என்ன, ஒன்பது கிலோ ஒன்பது கிலோதானே?”

“நீங்க ஒரு பக்கமா உட்காருறீங்க. அந்தப் பக்கம் காலியாத்தானே கிடக்கு?”

பக்கத்து சீட்டு இருந்த வெற்றிடத்தில், தரையோடு தரையாக, நான்கு போல்ட்டு போட்டு இறுக்கினோம். நேற்று மாலை அதே வெளியில், இறுதிப் போட்டியில் வைத்த அதே அளவில் கோன்களை வைத்து ஓட்டிப் பார்த்தேன். இன்ஜின் அதே. டயர் அதே. மொத்த எடை மனைவியின் நோட்டில் உள்ள அதே தொள்ளாயிரத்து இருபத்தைந்து. நேரம்? நாற்பத்தேழு புள்ளி ஒன்பது வினாடி. கோப்பையை வென்ற ஓட்டத்தைவிட புள்ளி ஏழு வினாடி குறைவு. என் தொப்பையில் இருந்தபோது வளைவுக்கு வளைவு என்னோடு சாய்ந்து வண்டியைத் தடுமாற வைத்த அதே ஒன்பது கிலோ, தரையில் சரியான இடத்தில் உட்கார்ந்ததும் வண்டியைத் தாங்கிப் பிடித்தது. இதை எனக்குக் கற்றுக் கொடுத்தது எது? டர்போ அண்ணன் ஒழிக்கச் சொல்லும் அதே விதி. நான்கு கிலோ குறைகிறது என்று எழுதத் தயங்காத அந்த அக்காவின் கை.

ஆகவே தலைவர் அவர்களே, தீர்மானத்தின் இரண்டு வரிகளையும் தோற்கடிக்குமாறு இந்தச் சபையைக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கோப்பை வேண்டாம் என்று பெருந்தன்மை பேச நான் வரவில்லை. வேண்டும். என் வீட்டு அலமாரியில் அதற்கு இடம் துடைத்து வைத்திருக்கிறேன். ஆனால் கைதூக்கிக் கொடுக்கிற கோப்பை வேண்டாம். எடைமேடையில் ஏறி, எண் ஓடி நின்று, ‘சரி’ என்று தராசு அக்கா சொன்ன பிறகு கிடைக்கிற கோப்பை வேண்டும். அந்த எடைமேடையை எடுத்துவிட்டால், நான் எதன் மேல் ஏறி அதை வாங்குவேன்?

டர்போ அண்ணே, எங்கள் பிரிவுக்கு வர வேண்டுமானால் உங்கள் முந்நூறு குதிரைக்கு மூவாயிரம் கிலோ வேண்டும். எங்கள் மாமியாரை அனுப்பி வைக்கிறேன், இரும்பும் நிறைய இருக்கிறது. வராவிட்டாலும் வருத்தமில்லை, உங்கள் பிரிவில் நீங்கள் ஓட்டுங்கள், நான் கோன் நிமிர்த்துகிறேன்.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்குப் புதிய ஆண்டின் முதல் பந்தயம். இன்று காலை என் எடை ஹெல்மெட்டோடு தொண்ணூற்றொன்று. மறைக்கவில்லை, மூன்றாவது வரிசையில் எழுதியாகிவிட்டது. அக்கா, எடைமேடையைத் துடைத்து வையுங்கள். நானும் என் மனைவியும் அந்த ஒன்பது கிலோவும் வருகிறோம். பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம்.