சிவப்பி குடித்த கறுப்புத் தண்ணீர்

கஸ்தூரி, வயது 44, கணவர் பெயர் அப்பாசாமி, அடி அண்ணாமலை, திருவண்ணாமலை. இன்று மதியம் காவல் நிலையத்தில் ஆஜராகிக் கூறியதாவது:

நான் மேற்படி ஊரில் குடியிருந்து வருகிறேன். எனக்கு இருப்பது சிவப்பி என்கிற ஒரே பசு. இப்போது தலையீற்றுச் சினையாக இருக்கிறது. எங்கள் தெருவுக்குப் பின்னால் விடுதிகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பிளாண்ட் உள்ளது. அங்கிருந்து கால்வாயில் வரும் தண்ணீரைத்தான் சிவப்பி வழக்கமாகக் குடிக்கும்.

இன்று காலை ஓட்டிப் போனபோது தண்ணீர் கன்னங்கரேலென்று வந்தது. நான் கயிற்றை இழுப்பதற்குள் சிவப்பி வயிறு முட்டக் குடித்துவிட்டது. மூக்கும் வாயும் கறுத்துப்போயின. எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அதன் பிறகு பிளாண்டுக்குள் ஓடி, அங்கே வேலை செய்யும் புகழேந்தியின் சட்டையைப் பிடித்து, "அடப்பாவி, வாயில்லா ஜீவனை சாவடிச்சிட்டியே!" என்று கத்தினேன். அவர், "யக்கா, அது வெறும் கரிக்கா, கொஞ்சம் கேளுக்கா" என்றார். எனக்குக் கோபம் வந்தால் காது கேட்காது, அது ஊருக்கே தெரியும். அதன் பிறகு அவரை ஆட்டோவில் ஏற்றி இங்கே கொண்டுவந்து, பசுவை விஷம் வைத்துக் கொன்றுவிட்டதாகப் புகார் கொடுத்தேன். அப்போது பசு வீட்டில் அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அதன் பிறகு கால்நடை டாக்டர் ஆர்த்தியை அழைத்துப் போனேன். அவர் பசுவின் கண்ணையும் வயிற்றையும் பார்த்தார். கால்வாய்த் தண்ணீரையும் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "விடுதித் தண்ணில மாத்திரை மருந்து, சோப்புக் கெமிக்கல்லாம் கண்ணுக்குத் தெரியாம கரைஞ்சி வருதுங்க. அதைப் பிடிக்கத்தான் பிளாண்ட்ல புதுசா கரி போட்டிருக்காங்க. மொதல்ல கழுவுறப்ப தூள் வரும். விஷம் தின்ன மாட்டுக்கே நாங்க இந்த மாதிரி கரியத்தான் கரைச்சி ஊத்துவோம். கன்னுக்குட்டி உள்ள நல்லா அசையுது, போங்க" என்றார். அதைக் கேட்டதும் சாணி என்றும் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்து அழுதேன். அப்பாடா என்று இருந்தது.

இத்தனை நாளும் கண்ணாடி மாதிரி வந்த தண்ணீரைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனாலும், கரி கழுவிய தண்ணீரை ஊருக்குச் சொல்லாமல் கால்வாயில் திறந்துவிட்டது புகழேந்தியின் தப்புதான். அதை அவரிடம் நானே பேசிக்கொள்கிறேன். புகாரை வாபஸ் பெறுகிறேன். வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கும் அவரை அனுப்பிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் பிய்த்த சட்டைப் பொத்தானைத் தைத்துக் கொடுத்துவிடுகிறேன். சிவப்பி கன்று போட்டதும் முதல் சீம்பால் அவர் வீட்டுக்குத்தான்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) அ. கஸ்தூரி

என் முன்பாக: சரவணகுமார், உதவி ஆய்வாளர்