மயில்நீலம் காயும் வரை

ஆடி மாதத்தில் வண்டிக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டாம் என்று நான் முதலிலேயே சொன்னேன், ஐயா. கரிசல் தூசியைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? பசுவந்தனையில் காற்று எழும்பினால் கோவில்பட்டியில் சோற்றில் மண் கடிக்கும்.

வண்டி, வத்தல் மண்டி பீர் முகம்மது முதலாளியுடையது. பட்டாளத்து ஏலத்தில் எடுத்த ஜீப். கூரையும் கதவும் கட்டிக் காராக்கி, மயில்நீலம் அடித்துத் தரச் சொன்னார். தகர வேலை நான். பெயிண்ட் வேலை என் மச்சினன் அருள்மணி. என் வீட்டுக்காரி நேசம்மாளுக்கு ஒரே தம்பி. மெட்ராஸில் தொழில் பழகியவன். நல்ல பையன்தான், குறை சொல்லமாட்டேன்.

பெயிண்டுக்கும் சேர்மானம் பார்க்க வேண்டும், ஐயா. ஜீப்பில் ஏற்கெனவே இருந்தது பட்டாளத்துப் பச்சை எனாமல். அதன்மேல் தின்னரில் கரைத்து அடிக்கும் செல்லுலோஸ் பெயிண்டை அடித்தால் அடியில் இருப்பதைக் கடித்துக் கிளப்பிவிடும். பாலாடை மாதிரி சுருங்கிப்போகும். எனாமல்மேல் எனாமலே அடிப்போம், காய ஒரு நாள் ஆனாலும் நிற்கும் என்றேன். அருள்மணி சிரித்தான்.

"அத்தான், நீங்க இன்னும் மாட்டுவண்டிக்கு அடிச்ச காலத்துலயே இருக்கிய. பழசத் தகரம் தெரியச் சுரண்டிட்டு செல்லுலோஸ் அடிப்போம். டீ குடிச்சிட்டு வாரதுக்குள்ள காஞ்சிரும்."

முதலாளி முன்னால் சொன்னான். முதலாளியும் சிரித்தார். "எபநேசர், இனிமே மச்சினன் சொல்லுதபடி கேளும்வே" என்றார். நான் வைத்த பட்டறை, ஐயா. ஆனாலும் சுரண்டுகிற தகட்டை நானே எடுத்துக் கொடுத்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள்.

சொன்னபடியே சுரண்டினான். முந்தாநாள் காலையில் அடிக்க ஆரம்பித்தான். தூசிக்காகத் தகரக் கொட்டகையின் இடுக்கிலெல்லாம் ஈரச்சாக்கு கட்டுவது வழக்கம். காற்றுப் போக மேலே மட்டும் ஒரு சந்து விடுவோம். அன்றைக்கு அதையும் அடைத்தேன். கதவை வெளியே தாழிட்டேன். காற்றில் படபடவென்று அடிக்கும் கதவு அது.

கொஞ்ச நேரத்தில் தட்டினான். "அத்தான், கதவத் தொறங்க. தின்னர் நெடி தாங்கல, தல சுத்துது."

"பொறுடே. தூசி விழுந்தா ஒம் பேருதான் கெடும்" என்றேன். அவன் நன்மைக்குத்தான் சொன்னேன்.

நேசம்மாள் சாப்பாடு கொண்டுவந்தபோது தட்டுவது குறைந்திருந்தது. "உள்ள என்ன சத்தம்? தம்பி எங்க?" என்றாள்.

"சாக்கு காத்துல அடிக்கி. அவன் திருநெல்வேலிக்குத் தின்னர் வாங்கப் போயிருக்கான்."

"பாவம், வெயில்ல அலையுதான் புள்ள" என்று அவன் பங்கை மூடி வைத்துவிட்டுப் போனாள்.

மூடிய இடத்தில் தின்னர் நெடி ஆளைச் சாய்க்கும் என்று தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும். தொழில்காரனுக்குத் தெரியாமல் இருக்குமா?

சத்தம் நின்ற பிறகு திறந்தேன். வண்டிமேல் சாய்ந்து கிடந்தான். மூச்சில்லை. வேலை அருமை, பொய் சொல்லமாட்டேன். பானெட்டில் மட்டும் ஐந்து விரலும் பதிந்து கீழே இழுபட்டிருந்தது. அப்படியே முதலாளியிடம் கொடுக்க முடியுமா? அவனை மூலையில் கிடத்தி, மேலே தெறிக்காமல் சாக்குப் போட்டேன். விரல் தடத்தைத் தேய்த்துச் சமன் செய்தேன். எனாமல்மேல்தான் செல்லுலோஸ் ஆகாது. செல்லுலோஸ்மேல் எனாமல் அடித்தால் ஒன்றும் செய்யாது. அதனால் வண்டி முழுக்க எனாமலே அடித்தேன்.

நேசம்மாள் நேற்றெல்லாம் பஸ் ஸ்டாண்டில் நின்றாள். திருநெல்வேலியிலிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறிப் பார்த்தாளாம். சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் ஓடிவந்து கதவைத் திறந்துவிடுவாளே.

இன்று காலை தொட்டுப் பார்த்தேன், பெயிண்ட் காய்ந்திருந்தது. உடனே ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்துவிட்டேன், ஐயா. ஒரு நிமிஷம் தாமதிக்கவில்லை.