எட்டு டப்பா பிஸ்கோத்து

— பொறு தம்பி, பொறு. கொலுசு ரெண்டையும் கழட்டச் சொல்லு. இடுப்புல அரைஞாணும் கெடக்குது பாரு. வெள்ளியையும் சேத்து நிறுத்தா புள்ளையோட எடை எப்படித் தெரியும்?

— அரைஞாணுமா பாயண்ணா? அவுத்தா ஊரைக் கூட்டுவாளே இவ.

— அவுத்துடு சென்னம்மா. ஃபக்ருதீன் பாய் இருவது வருஷமா இந்தக் குருபரப்பள்ளியில புளி மண்டி நடத்துறவரு. போன தடவையும் கழட்டித்தானே நிறுத்தாரு?

— போன தடவ ஒம்பது மாசத்துப் புள்ள. கூடையில போட்ட எடத்துல கெடந்தா. இப்ப பதினோரு மாசம். புளிச் சிப்பத்தைப் புடிச்சு எழுந்து நிக்கிறா பாருங்க. ஏய் மங்கா! வாயில என்னடி? துப்பு. துப்புங்கறேன்ல. குடு இப்படி.

— தங்கச்சி, புள்ள வாயிலேருந்து புடுங்கின புளிய நீ உன் வாயில போட்டுக்கிட்டியே!

— புடுங்கினத எங்கண்ணா வெக்கிறது? கீழ போட்டா உங்க சரக்குதானே வீணாவும்.

— சரக்கா முக்கியம்? மொதல்ல எடையப் பாருங்க பாய். நாலு மணி பஸ்ஸைப் புடிச்சாத்தான் ராத்திரிக்குள்ள பெங்களூரு போய்ச் சேருவேன். திங்கக்கெழம மொத சங்கு ஊதும்போது நான் மெஷின் முன்னால நிக்கணும்.

— பொறு தம்பி. ஆறு நாளு ஃபேக்டரியில இரும்போட ஓடுறது போதாதா, ஞாயித்துக்கெழமயும் ஓடணுமா? மொதல்ல வெறுங்கூடையச் சரி பண்றேன். அந்தத் தட்டுல கூடை, இந்தத் தட்டுல கூடைக்குச் சமமா கல்லு. ம். முள்ளு நேரா நின்னுச்சு. இப்ப புள்ளைய வெய்யி தங்கச்சி. துணியில்லாம.

— நிறுக்கறதுக்கு முன்னால பந்தயத்தை ஒரு தடவ சொல்லிடறேன். நீங்கதான் சாட்சி பாய். ரெண்டு மாசம் முந்தி இவளுக்குப் பால் நின்னுபோச்சு. புள்ளைக்கு என்ன குடுக்கறதுன்னு எங்க ரெண்டு பேருக்கும் சண்டை. ராகிதான்னா இவ. பிஸ்கோத்துன்னேன் நான். ரெண்டு மாசம் பிஸ்கோத்து குடுத்துப் பாப்போம், எடை ஏறினா பிஸ்கோத்து, ஏறாட்டி ராகி. அதானே பேச்சு?

— அதேதான்.

— பாத்தீங்களா பாய், அவளே ஒத்துக்கிட்டா. சனிக்கெழமக்குச் சனிக்கெழம ஒரு டப்பா. எட்டு வாரம், எட்டு டப்பா. கொறயில்லாம வாங்கியாந்திருக்கேன்.

— அது சரி, ஒரு வருஷம் கூட ஆவல, பால் ஏன் தங்கச்சி அவ்ளோ சீக்கிரம் நின்னுச்சு?

— நின்னுச்சுண்ணா. அது ஒரு கதை. நீங்க கல்லை வெய்யிங்க.

— வெக்கிறேன். பரக்கத்து...

— ஒண்ணுன்னு சொல்லுங்களேன் பாய்.

— இந்த மண்டியில மொதக் கல்லுக்குப் பரக்கத்துன்னுதான் பேரு. எங்கப்பா காலத்துலேருந்து அப்படித்தான். ரெண்டு... மூணு... நாலு... அசையாம இரு தாயி, தட்டு ஆடுது... அஞ்சு வீசை.

— எறங்கிடுச்சா?

— இன்னும் எறங்கல. போன தடவ அஞ்சு வீசை பத்துப் பலம். பத்துப் பலம் போடறேன். ம்ஹூம். இருவது. ம்ஹூம். புள்ள என்னப் பாத்து சிரிக்குது தம்பி, கல்லு பத்தாது போலருக்கு. இன்னொரு பத்து... அடடா!

— என்ன ஆச்சு பாய்?

— ஈரம். தட்டெல்லாம் ஈரம்.

— ஐயோ, வெச்ச கல்லுக்கெல்லாம் நல்ல காணிக்கை. தொடைச்சிடறேண்ணா, துணி குடுங்க.

— இருக்கட்டும் இருக்கட்டும். தட்டுலதானே கெடக்குது, எடை எங்கயும் ஓடிடல. முள்ளு நேரா நிக்குது பாருங்க. அஞ்சு வீசை முப்பது பலம். ரெண்டு மாசத்துல இருவது பலம் ஏறியிருக்கு. அரை வீசை! மாஷா அல்லா. கண்ணு படாம இருக்கணும்.

— பாத்தியா! பாத்தியா சென்னம்மா! அரை வீசை! யாரு சொன்னா? நான் என்ன சொன்னேன்? எங்க மேஸ்திரி கங்கப்பன் மொத நாளே சொன்னாரு, திம்மராயா, பட்டணத்துப் புள்ளைங்கல்லாம் இதத் தின்னுதான்டா பம்முனு இருக்குதுங்கன்னு. டப்பா மேல இருக்கற கொழந்தையப் பாருங்க பாய். கன்னம் ரெண்டும் பூரி மாதிரி.

— அது வெள்ளைக்காரக் கொழந்தைங்க. வெள்ளைக்காரன் போயி பத்து வருஷமாச்சு, அவங் கொழந்தை மட்டும் உங்க டப்பாவ விட்டுப் போவ மாட்டேங்குது.

— நீ தோத்துட்ட, அதான் பேச்சு மாத்தற. பந்தயம்னா பந்தயம். இன்னிலேருந்து மூணு வேளையும் பிஸ்கோத்து. வாரத்துக்கு ஒரு டப்பா இல்ல, ரெண்டு. பாய், உங்க வண்டி புதன்கெழம தளிப் பக்கம் போவுதுல்ல?

— போவுது. ஏன்?

— எங்க வூட்டு ராகித் திருகையை அதுல ஏத்தி விடுங்க. தளியில எங்கக்கா சாந்தம்மாவுக்கு உதவும். இந்த வூட்டுல இனிமே ராகி அரைக்கற வேலை இல்ல.

— திருகை எங்கயும் போவாது.

— என்ன?

— திருகை எங்கயும் போவாதுங்க. அந்த அரை வீசையும் திருகையிலேருந்து வந்ததுதான்.

— என்ன சொல்ற நீ?

— கோவப்படாமக் கேளுங்க. மங்கா உங்க பிஸ்கோத்தைத் தின்னது மூணே நாளு. மொத வாரம், மொத மூணு நாளு. அதுக்கப்புறம் ஒரு துண்டு கூட அவ வாய்க்குப் போவல.

— பொறு தம்பி, பொறு. எழுந்திரிக்காத. தங்கச்சி சொல்லட்டும்.

— நான் சத்தியமா பந்தயத்துப்படிதான் ஆரம்பிச்சேன் பாயண்ணா. பாதி பிஸ்கோத்தை வெந்நியில ஊறப் போட்டுக் குடுத்தேன். நக்கினா. நல்லாத்தான் நக்கினா. எனக்கே ஆச்சரியம், அட, இவரு சொல்றது சரிதான் போலன்னு நெனச்சேன். மறுநாளு பருப்புத் தண்ணி குடுத்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. மசிச்ச கீரையக் கையால தட்டி விட்டா, செவரெல்லாம் பச்சை. டப்பா இருக்கற எடத்துக்கே கையக் காட்டிக் காட்டி அழுவுறா. பிஸ்கோத்து போனா வயிறு நெறஞ்ச மாதிரி படுத்துக்குவா, சோறு வடிக்கறதுக்குள்ள பசின்னு எழுந்து கத்துவா. மூணாம் நாளு வெளிக்கே போவல. வயிறு கல்லு மாதிரி. காலைத் தூக்கித் தூக்கி அழுதா. நீங்க பெங்களூருல. நான் யாருகிட்ட பந்தயம் பேசறது?

— அப்புறம்?

— அப்புறமென்ன, டப்பாவைத் தூக்கி ஒளிச்சு வெச்சேன். ரெண்டு நாளு இவ அழுதா. கூட நானும் அழுதேன். ராகியை ஊற வெச்சு, மொளகட்டி, நெழல்ல காய வெச்சு, அரைச்சு, மெல்லிசுத் துணியில சலிச்சேன். பால் விட்டுக் கிண்டி, ஒரே ஒரு உப்புக் கல்லு. சக்கரை இல்ல, வெல்லம் இல்ல. மூணாம் நாளு சாயந்திரம் பசி தாங்காம என் வெரலோட சேத்துக் கடிச்சா பாருங்க, நாலு பல்லும் பதிஞ்சுபோச்சு. அன்னிலேருந்து கீரையும் தின்னறா, பருப்புஞ் சோறும் தின்னறா, இப்ப உங்க கண்ணு முன்னாலயே புளியும் தின்னா.

— அப்ப எடை...

— ராகிதாங்க.

— தம்பி, அந்தப் பையில இருக்கறது ஒம்பதாவது டப்பாவா? இப்படிக் குடு. நீ இதத் தின்னு பாத்திருக்கியா?

— நானா? புள்ளைக்கு வாங்கினத நான் எதுக்குத் தின்னப் போறேன்?

— இன்னிக்குத் தின்னு. ஒண்ணு எடு.

— ... நல்லாத்தானே இருக்கு பாய்.

— எனக்கும் நல்லாத்தான் இருக்கு. வெறும் மைதாவும் சக்கரையும், நல்லா இல்லாம எங்க போவும்? எங்க வூட்டுல ஆறு புள்ளைங்க. பெருநாளைக்கு ரஹமத் பீவி சேமியா பாயசம் வெப்பா, கிண்ணத்தை வழிச்சு நக்குங்க. அதுக்காக மூணு வேளையும் பாயசம் ஊத்தி வளத்தா புள்ள நிக்குமா, நடக்குமா? இனிப்பு மொதல்ல நாக்குல ஏறிடுச்சுன்னா அப்புறம் கீரையும் பருப்பும் எப்படி எறங்கும்? எப்பவாச்சும் ஒண்ணு கையில குடு, கடிச்சு வெளையாடட்டும். பசிக்கு இதக் குடுக்காத.

— நீங்களும் அவ கட்சிக்குப் போயிட்டீங்களா பாய்? சாட்சின்னு கூப்பிட்டா...

— சாட்சி முள்ளுதான் தம்பி. நான் வெறும் கல்லு வெக்கறவன்.

— சரி. ராகி ஜெயிச்சுது. ஒத்துக்கறேன். எடையப் பத்தி இனிமே பேச்சில்ல. ஆனா ஒண்ணு கேக்கறேன் சென்னம்மா. ரெண்டு மாசமா வாரா வாரம் நான் வந்து நிக்கறப்ப, டப்பா காலியாச்சுங்க, காலியாச்சுங்கன்னு சொன்னியே. நான் அதக் கேட்டுட்டு பஸ்ஸுல போவும்போது எவ்ளோ சந்தோஷமாப் போவேன் தெரியுமா?

— தெரியும்.

— உனக்குத் தெரியாது. ஆறு நாளும் புள்ளைய நீ மடியில வெச்சு ஊட்டற. நான் எங்க ஊட்டறது? கேன்டீன்ல தட்டு முன்னால ஒக்காந்தா, இந்நேரம் நான் வாங்கிக் குடுத்தத மங்கா தின்னுட்டிருப்பா, என் கையால ஒரு வாய் போயிருக்கும்னு நெனச்சுக்குவேன். அதுக்கப்புறந்தான் எனக்கு ஒரு வாய் எறங்கும். கங்கப்பன் மேஸ்திரி கேக்கும்போதெல்லாம், எம் புள்ள எங் கையால தின்னறான்னு சொல்லியிருக்கேன். இப்ப ஒரு துண்டு கூட அவளுக்குப் போவலங்கற.

— அழுவாதீங்க. ஏய் மங்கா, அப்பாகிட்ட போ. போய் மீசையப் புடி.

— வா தாயி. வா. ஈரமா இருந்தா என்ன, வா... பாய், கை எப்படி இறுக்கமா புடிக்கறா பாருங்க.

— அரை வீசையாச்சே! பாத்து, மீசை போயிடப் போவுது.

— இருங்க, நான் கேட்டது இன்னும் முடியல. எட்டு டப்பா. மூணு நாளு போக மிச்சமெல்லாம் யாரு தின்னது? எம் புள்ளைக்குன்னு வாங்கினத யாருக்குக் குடுத்த?

— யாருக்கும் குடுக்கல.

— கோழிக்குப் போட்டியா?

— கோழி ஏங்க பிஸ்கோத்து தின்னுது?

— உங்கண்ணன் ராமப்பன் போன மாசம் பத்து நாளு வந்து தங்கினானே! அவனா?

— எங்கண்ணன் மூணு வேளையும் களிதான் தின்னான். அவனை இழுக்காதீங்க.

— பொறு தம்பி, பொறு. தங்கச்சி சிரிக்குது. தங்கச்சி, இன்னொரு துண்டு புளியும் எடுத்துட்ட போலருக்கே?

— நல்ல புளிண்ணா. காலையில எழுந்தா எனக்கு ஒண்ணும் உள்ள நிக்கறதில்ல.

— பாய், நீங்க எதுக்கு சிரிக்கறீங்க? ரெண்டு பேரும் சேந்து என்னக் கேலி பண்றீங்களா? பஸ்ஸு வர நேரமாச்சு. எட்டு டப்பாவ ஒரு ஆளு தின்னிருந்தா ஒடம்புல தெரியாமப் போவாது. யாரு தின்னாங்களோ அவங்களக் கூட்டியாந்து இந்தத் தராசுல வெய்யி. எத்தன பலம் ஏறியிருக்குதுன்னு நானும் பாத்துட்டுப் போறேன்.

— வெக்கிறேங்க, இதே கூடையில இதே தட்டுல வெக்கிறேன். உங்க கையால வந்தத தின்னது உங்க புள்ளதான், ரெண்டாவது புள்ள, ஆனா அது வெளிய வந்து தராசு ஏற இன்னும் ஆறு மாசம் ஆவும்.