வாலில்லாத விமானமும் பாதி மழித்த கன்னமும்

கதவுக்குப் பின்னால் நின்று கேட்பவரையும் உள்ளே வந்து உட்காரச் சொல்லுங்கள் ஐயா. பூட்ஸ் நுனி தெரிகிறது, கால் வலிக்கும்.

எங்கள் ஊரில் எனக்குப் 'புளுகர்' என்று பெயர். முதலையின் வயிற்றுக்குள் போய் வந்தவன் நான். குடையை அங்கே மறந்துவிட்டதால் இன்னொரு முறையும் போய் வந்தவன். விமானப்படைக்காரர்கள் சதுப்புக்கு அப்பால் வேலி போட்டு, வாலே இல்லாத ஒரு போர் விமானத்தை ரகசியமாகப் பறக்கவிட்டுப் பார்க்கத் தொடங்கியபோது, அங்கிருந்த அதிகாரி தேடி வந்தது என்னைத்தான்.

"பொய் எதுவும் வேணாம் பெரியவரே. பார்த்ததை அப்படியே சொல்லுங்க. மத்தவங்க வாயைத் திறக்கறதுக்கு முந்தி சொல்லிடுங்க, போதும்."

சொன்னேன். முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்து, வாலில்லை, சத்தமில்லை, வௌவால் மாதிரிக் கறுப்பு என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். கடையே சிரிப்பில் குலுங்கியது. அதற்குப் பிறகு யார் வானத்தைக் காட்டினாலும், "நீயும் முதலைக்குள்ள போயிட்டு வந்தியா?" என்பார்கள். காட்டிய கை இறங்கிவிடும். அந்த வருடங்களில் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. வாக்குமூலத்தில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு நாள், என் மகளைக் கட்டிய மாப்பிள்ளை இடுப்புவரை சேற்றோடு கடைக்குள் ஓடி வந்தார். சதுப்பில் கோரை அறுப்பவர்; அதிகம் பேசமாட்டார்.

"அந்த விமானம் விழுந்துடுச்சு. உள்ள ஆள் உயிரோட இருக்கான். கால் மாட்டிக்கிச்சு, தண்ணி ஏறுது. வேலிக்காரங்க எங்கேயோ அந்தக் கரையில தேடறாங்க. கயிறும் நாலு பேரும் வேணும்!"

பாதிக் கன்னத்தில் நுரையோடு லாரிக்காரர் எழுந்தார். கயிறு அவர் வண்டியில்தான் இருந்தது. மற்றவர்களும் எழுந்தார்கள்.

நாலு பேர் போனால் நாலு பேர் பார்ப்பார்கள். நாலு பேர் சொன்னால் ஊர் நம்பும். அத்தனை வருட உழைப்பும் விழலுக்கு இறைத்த நீராகும். நான் வழக்கமான முகத்தோடு சொன்னேன்: "மாப்பிள்ளை சொல்றது நிஜம். நானும் பார்த்துட்டுத்தான் வர்றேன். ஆள் கையை ஆட்டினான்."

லாரிக்காரர் உட்கார்ந்துவிட்டார். "மாமனாரும் மருமகனும் கூட்டு சேர்ந்துட்டாங்கடா! மீசையைப் பார்த்து எடுப்பா."

"மாமா, விளையாடாதீங்க மாமா," என்றார் மாப்பிள்ளை. நான் சிரிக்கவேயில்லை. நான் சிரிக்காமல் இருந்தால்தான் ஊர் சிரிக்கும்.

அவர் தனியாகவே திரும்பி ஓடினார். தண்ணீர் வடிந்த பிறகு இரண்டு பேரையும் எடுத்தார்கள். விமானியின் இடுப்பு வாரை மாப்பிள்ளை விடவில்லையாம். விரல் விரலாகப் பிரித்தார்களாம்.

ஆள் கையை ஆட்டியது உண்மைதான் ஐயா. நானும் பதிலுக்கு ஆட்டிவிட்டுத்தான் முகம் மழிக்க வந்திருந்தேன்.

"அப்பா, நிஜமாவே பார்த்தீங்களா?" என்று மகள் கேட்டாள். "பார்த்தேம்மா" என்றேன். "இப்பவுமாப்பா விளையாட்டு?" என்று சொல்லிவிட்டு எனக்குச் சாப்பாடு போட்டாள்.

கதவுக்குப் பின்னால் இருப்பவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். இரண்டு பேரையும் கொன்றது நான்தான். ஆனால் பொய் சொல்லிக் கொல்லவில்லை. அதை மட்டும் விட்டுவிடாமல் எழுதுங்கள்.